படித்துறையும் பளபளச் சுவரும்

1983 செட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் டிராயிங் சார் எங்களை ஊருணிக்கரைக்கு அழைத்துப்போய், "படித்துறையை வரைங்கடா" என்று உட்கார வைத்தார். பங்குனி வெயில். போஸ்டர் கலரைக் குழைத்துத் தூரிகையை எடுப்பதற்குள் மூடியில் இருந்த வர்ணம் ஏடு கட்டிவிட்டது. சார் என் தாளை எட்டிப் பார்த்து, "தண்ணிய வரையச் சொன்னா சிமெண்டு பூசியிருக்கியே!" என்றார்.

சிங்கப்பூரில் வேலை ஓய்ந்தபின் மறுபடி தூரிகை பிடித்தேன். ஐந்துக்கு ஏழு அங்குலப் பலகை, அதில் நம்ம செட்டிநாட்டு ஊர். சாதாரண அக்ரிலிக்கும் அதே சிமெண்டு வேலைதான். தண்ணீர் ஆவியானதும் இறுகிவிடும், திரும்ப இளகாது. பிறகுதான் 2008இல் வந்த கோல்டன் கம்பெனியின் 'ஓப்பன்' வகை, மெதுவாகக் காயும் அக்ரிலிக், கைக்குக் கிடைத்தது. ஈரத்தை எளிதில் விடாது. மெல்லிசாகப் பூசினால் நிதானமாகக் குழைத்துக்கொண்டே இருக்கலாம். தடிமனாகப் பூசினால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும், அதுவும் இந்த ஊர்ப் புழுக்கத்தில்!

நம்ம வீட்டுச் சுவருக்கு இதைவிடத் தோதான வர்ணம் இல்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர், வளவு என்னும் நடுமுற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கித் தேக்குத் தூணின் நிழலை லேசாகக் காட்டுமே, அந்த நிழலுக்கு ஓரம் கிடையாது. ஈரம் இருக்கும்போதே காய்ந்த தூரிகையால் மயிலிறகு மாதிரி தடவ வேண்டும். ஓரம் கரைந்துபோகும்.

தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல் நேர் எதிர். கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றிச் செய்வது. பூவிதழின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். அதையும் இந்த வர்ணத்திலேயே போட்டேன். சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கித் தரை முழுக்க வெற்றிலை எச்சில் துப்பியது போல் ஆகிவிட்டது. இப்போது தரைக்குச் சாதாரண அக்ரிலிக். அது காய்ந்தபின் மேலே விழும் நிழலுக்கு மட்டும் ஓப்பன்.

போன வருஷம் கானாடுகாத்தானில் அயித்தை வீட்டு வளவில் உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். மூன்று நாள் காயவிட்டேன், போதும் என்று நினைத்து நாளிதழில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். சுவரைக் கொஞ்சம் தாராளமாகப் பூசியது அப்போது நினைவுக்கு வரவில்லை. இங்கே வந்து பிரித்தால் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதமாக உரித்தேன். சுவரின் குறுக்கே மணமகள் தேவை விளம்பரம், எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி.

வீடியோவில் அயித்தையிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏப்பா, நம்ம சொவத்துல யாரு கிறுக்குனது?"

சார் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்: இப்போது சுவர் மாதிரி இருக்கிறதா சார்?