கார் கடை பிரஷ்ஷை விமானத்துக்குப் போடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆட்டோ எலெக்ட்ரிக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. செஸ்னா 172 சிறு விமானத்தின் ஃபோர்டு வகை ஆல்டர்னேட்டரை (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) கழற்றிக் கொண்டுபோனால் பிரஷ், பேரிங், டயோடு எல்லாம் அளவு பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பொருந்தவும் செய்யும். ஆனால் பாகம் விமானத்துக்குத் தகுதியானது என்று சொல்லும், அமெரிக்க எஃப்ஏஏ 8130-3, ஐரோப்பிய ஈஸா ஃபார்ம் 1 மாதிரி ஒரு ரிலீஸ் சான்றிதழ் கூட வராவிட்டால், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக் புக்கில் அதை என்னவென்று எழுதிக் கையெழுத்துப் போடுவது?

பாகம் வாங்கும் முன் ஆல்டர்னேட்டரின் நேம்பிளேட்டைப் படியுங்கள். விமானத்தின் மாடலை மட்டும் நம்ப வேண்டாம். 172-இல் 1977 மாடல் வரை 14 வோல்ட், 1978 மாடலிலிருந்து 28. இத்தனை வருஷத்தில் யார் எதை மாற்றி வைத்தார்களோ! பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொண்டு பார்ட்ஸ் கேட்டலாக், லாக் புக் இரண்டோடும் ஒத்துப் பாருங்கள். 14 வோல்ட் ரோட்டர் (உள்ளே சுழலும் சுருள்) 28 வோல்ட் விமானத்துக்குப் போய்விட்டால், வோல்டேஜை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் முழுசாகத் திறக்கும்போது ஃபீல்டில், அதாவது அந்தச் சுருளில், இரண்டு மடங்கு கரண்ட் பாயும். சுருள் கொதிக்கும், ரெகுலேட்டரும் கூடவே போகலாம்.

டர்பனின் வர்ஜீனியா விமான நிலையம் கடற்கரையை ஒட்டியே இருப்பதால் உப்புக் காற்று, பிரஷ் உரசி ரோட்டருக்குக் கரண்ட் தரும் ஸ்லிப் ரிங்கை முதலில் தின்னும். பள்ளம் விழுந்த ரிங்கில் புது பிரஷ் மாட்டுவது வீண் செலவு. சரியாக உட்காராமல் பொறி பறந்து சீக்கிரமே தேய்ந்துவிடும். ரிங்கைக் கடைந்து சரி செய்யுங்கள். அளவு குறைந்திருந்தால் ரோட்டரையே மாற்றுங்கள். பிரஷ்ஷைத் தனியாக வாங்காமல் ஸ்பிரிங்கோடு செட்டாக வாங்குங்கள். மூடும்போது பின்பக்கத் துளை வழியாக மெல்லிய கம்பி விட்டு பிரஷ்ஷை உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கம்பியை உருவ மறந்தால் பிரஷ் ரிங்கைத் தொடாது, சார்ஜும் ஏறாது.

ஏசியை டிசியாக்கும் ஆறு டயோடுகளில் ஒன்று போனாலும் அம்மீட்டர் சாதாரணமாகவே காட்டும்; ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைதான் காட்டிக்கொடுக்கும். ஒற்றை டயோடை மட்டும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. மற்ற ஐந்தும் அதே சூட்டில் வெந்தவைதானே? ஆறும் சேர்ந்த ரெக்டிஃபையரை முழுசாக மாற்றிவிடுங்கள்.

பேரிங் நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. கிரீஸ், சீல், உள் இடைவெளி மூன்றுமே ஒத்துவர வேண்டும். ரோட்டரும் டயோடும் பேரிங்கும் சேர்ந்து கெட்டிருந்தால், ஓவர்ஹால் செய்த யூனிட்டாகவே வாங்குவதுதான் லாபம்.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டையும் பார்த்துவிடுங்கள். லைகமிங் நிறுவன எஞ்சினில் அதை மாற்ற புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும். எப்படியும் புரொப்பெல்லர் வெளியே வந்திருந்தால் புது பெல்ட் போட்டுவிடலாம். 3/8 அங்குலப் புது பெல்ட் என்றால், புல்லி நட்டில் டார்க் ரென்ச் வைத்துத் திருப்பும்போது 11 முதல் 13 அடி-பவுண்டில்தான் புல்லி வழுக்க வேண்டும். பழைய பெல்ட்டுக்கு 7 முதல் 9. புது பெல்ட் இழுபடும் என்பதால் 25 மணி நேரம் பறந்ததும் மறுபடி சரிபாருங்கள்.