தராசைப் படிக்கிறவர் யார்?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கலைஞர்களுக்கும் ஊர்ச் சனத்துக்கும் நடுவில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு கலைஞர் வருவார். பார்க்க வருகிறவர்களும் கைவைத்தால்தான் முழுமையாகிற நிறுவல் படைப்பொன்றைச் செய்ய வேண்டும் என்பார். ஆள் சேர்ப்பது, இடம் பிடிப்பது, தோட்ட முகாமையாளரான துரையிடம் அனுமதி வாங்குவது, தேத்தண்ணி ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு.

அநேகமாக எல்லாத் திட்டமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டு வாருங்கள், பெயர் எழுதிக் கட்டுங்கள்." நல்ல முறைதான். 2004இல் யாழ்ப்பாண நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில், யாழ்ப்பாணத்து மக்களிடம் திரட்டிய பொருட்களை வைத்தே கலைஞர் தா. சனாதனன் போர்க்கால வாழ்வைச் சொன்னார். ஆனால் மலையகத்தில் பெயரைக் கொடு, பத்திரத்தைக் கொடு என்று கேட்பதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தது. மீதமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தர 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இவ்வளவையும் பார்த்த வீட்டில் போய் "அந்தப் பழைய பத்திரத்தைச் சுவரில் மாட்டலாமா?" என்று கேட்டால் என்ன நடக்கும்?

ஒரு பெரியம்மா தெளிவாகச் சொன்னார்: "குடுக்க மாட்டேன் தம்பி. பாக்கணும்னா நானே கையில வச்சிக்கிட்டு நிக்கிறேன். வாறவங்க என்கிட்ட கேக்கட்டும்."

அந்தக் கலைஞரை நான் இன்றும் மதிக்கிறேன். மாட்டுவதற்கு அடித்த ஆணியைப் பிடுங்கிவிட்டு ஒரு கதிரை போட்டார். பெரியம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்து, அண்ணன் குடும்பம் இந்தியாவின் மண்டபம் முகாமுக்குக் கப்பலேறிய கதையை வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவர் முடிவு.

அந்தக் கதிரை போட்ட அதே கண்காட்சிக் கூடத்து வாசலில் ஒரு தராசும் வைத்திருந்தோம். அந்த யோசனைக்குப் பின்னால் அமெரிக்கக் கலைஞர் பீலிக்ஸ் கொன்சாலஸ் டொரஸின் படைப்பு இருந்தது. 1991இல் எயிட்ஸால் இறந்த துணைவர் ரோஸ் நினைவாக, அதே ஆண்டு அவர் 175 றாத்தல் இனிப்புகளை ஒரு மூலையில் குவித்தார். பார்க்கிறவர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குவியல் குறையும், திரும்ப நிரப்பலாம். எங்கள் கலைஞர் இனிப்புக்குப் பதிலாகக் கொழுந்து வைத்தார். வருகிறவர் கூடையில் அள்ளி நிறுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

கொழுந்தெடுக்கிற அக்காமார் அதை மாற்றிவிட்டார்கள். தராசை நாங்கள் படிக்கிறோம், துண்டும் நாங்களே எழுதுகிறோம் என்றார்கள். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழித்து எழுதிக் கொடுத்தார்கள். "நான் அள்ளினது இதைவிடக் கூட!" என்று வந்தவர்கள் தகராறு பண்ணினார்கள். இப்படிக் கிலோ கழிப்பதைப் பற்றி நூறு பக்கம் எழுதினாலும் அந்தக் கோபத்தை வரவழைக்க முடியாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அக்காமார் ஒவ்வொரு நாளும் விழுங்குகிற கோபம் அது. படைப்பின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இது எங்கள் சனத்துக்குப் புதிய கலையும் இல்லை. மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டு, மன்மதனை எரிக்கும்வரை தோட்டமே கூத்தில் இருக்கும். நேர்ந்துகொண்டவர் ரதியாவார், பக்கத்து லயத்துப் பையன் தப்பு அடிப்பான், பார்க்க வந்தவர் விடியவிடிய நின்று பாட்டில் சேர்ந்துகொள்வார். அடையாளத்தைப் பற்றிப் பேச வருகிற கலைஞர்கள் ஒரு மாசியாவது இங்கே தங்கிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற இந்தப் பழக்கத்தின் மேல் கட்டினால் வேலை பாதி முடிந்த மாதிரி.

அப்புறம், கூலி. வேலைக்குப் போகாமல் எங்களோடு இருக்கிற ஒருவருக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் கூலி, போய்விடுகிறது. மரத்துக்கும் மின்விளக்குக்கும் பணம் ஒதுக்குகிற திட்டங்களில் இதற்கு ஒரு வரி இருப்பதில்லை. இப்போதெல்லாம் அந்த வரி இல்லாமல் நான் சம்மதிப்பதில்லை. படைப்பு கொழும்புக்குப் போகிறதென்றால், கதிரையும் தராசும் மட்டும் போகக்கூடாது; வேனில் பெரியம்மாவுக்கும் அக்காமாருக்கும் இடம், தங்குமிடம், சம்பளம் வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுத்தில் கேட்டுவிடுகிறேன்.