ஏரி கடலில் விழும் ஊர்

ஸ்டாக்ஹோமில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே நாள். ஆனால் ஜூன் மாதத்து நாள்; விடியற்காலை மூன்றரைக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது, இரவு பத்து வரை இருட்டுவதில்லை. நடந்தே பார்த்துவிடலாம் என்று நானும் மகளும் முடிவு செய்தோம். தங்கியிருந்த அறையின் குழாயிலேயே பாட்டிலை நிரப்பிக்கொண்டோம். நகரத்தின் நடுவரை வந்து நிற்கும் மெலாரன் ஏரியின் தண்ணீர்தான் அது.

முதலில் ரித்தர்ஹோல்மன் என்ற சின்னத் தீவு. தண்ணீருக்கு அந்தப் பக்கம் நகர மன்றத்தின் 106 மீட்டர் செங்கல் கோபுரம்; இந்தப் பக்கம் ஸ்வீடன் அரசர்களை அடக்கம் செய்த தேவாலயம். 1632இல் போர்க்களத்தில் மாண்ட இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் இங்கேதான் துயில்கிறார். “இவர் கட்டச் சொன்ன கப்பலைத்தான் மத்தியானம் பார்க்கப்போறோம்” என்றேன் மகளிடம்.

பாலம் தாண்டினால் காம்லா ஸ்தான், பழைய ஊர். கருங்கல் பாவிய தெருக்கள் குதிகாலைப் பதம் பார்க்கும். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். ஒரு சந்து, குறுகலான இடத்தில் 90 சென்டிமீட்டர்தான் அகலம், 36 படி. எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். மேலே பெரிய சதுக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். 1520 நவம்பரில் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்தியான், மன்னிப்பு உண்டு என்று வாக்களித்துவிட்டு 80, 90 பேரைத் தலைவெட்டிக் கொன்றது இதே இடத்தில். இப்போது அங்கே ஏலக்காய் மணக்கிறது. ஏலக்காயை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்ட ஒரு பன், கூடவே காபி. நம் வீட்டுப் பாயசத்து வாசனை அவ்வளவு வடக்கே வந்து எதிர்ப்படும்போது மனசு இளகத்தான் செய்கிறது.

பழைய ஊரின் தெற்கு முனை ஸ்லூசன். படகை ஏற்றி இறக்கும் மதகு என்று பொருள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பால்டிக் கடல். கடலைவிட ஏரி சுமார் 70 சென்டிமீட்டர் உயரம். முன்பு எல்லாமே கடல்தான். பனியுகத்தின் பாரம் நீங்கிய நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் அளவில். அப்படி எழுந்த நிலம் கடலின் ஒரு கையை மெல்ல அறுத்து ஏரியாக்கிவிட்டது. கடல்கோள் கதை கேட்டு வளர்ந்தவன் நான். நிலம் கடலை வாங்கிக்கொள்ளும் ஊரும் உண்டு என்பதை அங்கே நின்று பார்த்தேன்.

அரண்மனைக்குக் கீழே கரையோரமாக நடந்து யூர்கோர்டன் தீவுக்குப் போனோம். வாசா அருங்காட்சியகத்துக் கதவு திறந்ததும் இருட்டுக்குள் கப்பல். 69 மீட்டர் நீளம், மாடிமாடியாகச் சிற்பங்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி, 1300 மீட்டர்கூடத் தாண்டவில்லை. காற்றில் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது, அவ்வளவுதான். 64 பீரங்கிகள், மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதாது. முன்பே 30 பேரைத் தளத்தில் இங்குமங்கும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் கவிழ்ந்துவிடும் போல ஆட, சோதனையைத்தான் நிறுத்தினார்கள்.

“தெரிஞ்சும் ஏம்ப்பா விட்டாங்க?”

“ராஜா அவசரப்படுத்தினார்மா. வேண்டாம்னு சொல்ல யாருக்கும் வாய் வரல.”

அவள் திரும்பத் திரும்பக் கப்பலைச் சுற்றி வந்தாள். மூன்று மணி நேரம் போனது. வேறு அருங்காட்சியகம் எதற்கும் நாங்கள் போகவில்லை.

333 ஆண்டு கழித்து, 1961இல், அதை முழுதாக மேலே தூக்க முடிந்ததற்கும் இந்தத் தண்ணீர்தான் காரணம். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவுக்கு உப்பு வேண்டும். ஏரிகளும் ஆறுகளும் வந்து கலப்பதால் இங்கே கடலில் அந்த அளவு உப்பு இல்லை.

திரும்பும்போது இரவு ஒன்பது. அரண்மனைக்குப் பக்கத்துப் பாலத்தடியில் ஏரித்தண்ணீர் இரைச்சலோடு கடலுக்குப் பாய்கிறது. தூண்டில் போட்டு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அங்கே தூண்டிலுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, சால்மன்கூடக் கிடைக்கும். ஒரு பெரியவரிடம், நகரத்தின் நடுவில் பிடிக்கும் மீனைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

“ஏன், சாப்பிடாமல்?” என்றார். தூண்டிலை மறுபடி வீசினார். வெயில் இன்னும் தண்ணீர்மேல் கிடந்தது.