நாலு பாரா படிக்க மாட்டோம்னு சொன்ன டீச்சருங்க

ராத்திரி தூக்கம் வரலைன்னா ஒரு கோர்ட் தீர்ப்பு எடுத்துப் படிங்கன்னு சொன்னா அடிக்க வருவீங்க, ஆனா இந்த ஒரு தீர்ப்பு இருக்கற தூக்கத்தையும் கெடுத்துரும். 2005 டிசம்பர் 20, அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம், ஜட்ஜ் ஜான் ஜோன்ஸ் எழுதினது, 139 பக்கம். கிட்ஸ்மில்லர் எதிர் டோவர்னு தேடுங்க, நெட்ல ஓசியிலயே கிடைக்கும். ஸ்கூல்ல பரிணாமம் சொல்லிக்குடுக்கறதா, கடவுள் படைச்சார்னு சொல்லிக்குடுக்கறதாங்கற சண்டை பத்தினதுதான். ஆனா உள்ள போனா கூண்டுல ஏறி சொன்ன பொய், யார் குடுத்ததுன்னு மறைச்ச செக், எரிச்ச ஓவியம்னு என்னென்னவோ வருது.

சண்டை ரொம்பப் பழசு. 1925-ல டென்னசி மாநிலத்துல டேட்டன்ங்கற சின்ன ஊர்ல ஜான் ஸ்கோப்ஸ்ங்கற வாத்தியாருக்கு பரிணாமம் நடத்தினதுக்காக 100 டாலர் அபராதம் போட்டாங்க, அது ஊரறிஞ்ச கதை. 1968-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பரிணாமத்தை தடை பண்ண முடியாதுன்னுடுச்சு. சரி தடை வேணாம், அதை சொல்லிக்குடுத்தா படைப்பையும் சேத்து சொல்லிக்குடுன்னு லூசியானாவுல சட்டம் கொண்டுவந்தாங்க, 1987-ல அதுவும் போச்சு. அரசாங்கம் எந்த மதத்தையும் தூக்கிப் பிடிக்கக் கூடாதுன்னு அவங்க அரசியல் சட்டம் சொல்லுது, பப்ளிக் ஸ்கூல் அரசாங்கத்தோடது, அவ்ளோதான் லாஜிக். அதுக்கப்புறம் வந்ததுதான் இன்டெலிஜென்ட் டிசைன். இதுல கடவுள்ங்கற பேரே வராது, உயிருங்க ரொம்ப சிக்கலா இருக்கு, அதனால ஏதோ ஒரு அறிவு இதை டிசைன் பண்ணியிருக்கணும், அது யாருன்னு நாங்க சொல்ல மாட்டோம், அப்படின்னு ஒரு நைசான பேச்சு.

டோவர், யார்க் நகரத்துக்குப் பக்கத்துல இருக்கற ஊர். 2004-ல 9-ம் கிளாஸுக்கு புது பயாலஜி புக் வாங்கணும். ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற ஸ்கூல் போர்டுல பாடத்திட்டக் கமிட்டி தலைவர் பில் பக்கிங்ஹாம், அந்த புக்ல பக்கத்துக்குப் பக்கம் டார்வின்தான்னு குறை சொன்னார். அந்த ஸ்கூல்ல இதுக்கு முன்னாடியே ஒரு சம்பவம் நடந்திருக்கு, குரங்குல இருந்து மனுஷன் வந்ததை ஒரு ஸ்டூடன்ட் பெருசா ஓவியமா வரைஞ்சு சயின்ஸ் கிளாஸ்ல வச்சிருந்ததை 2002-ல ஸ்கூல் பராமரிப்பு ஆளே தூக்கிட்டுப் போய் எரிச்சுட்டார். ஊர் ஏற்கெனவே புகைஞ்சுட்டுதான் இருந்துச்சு.

2004 அக்டோபர் 18-ல போர்டு 6-க்கு 3-னு ஓட்டுப் போட்டு, டார்வின் தியரியில இருக்கற ஓட்டைகளையும் இன்டெலிஜென்ட் டிசைனையும் பிள்ளைங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு முடிவு பண்ணிடுச்சு. எதிர்த்து ஓட்டுப் போட்டவங்கள்ல ஒரு புருஷன் பொண்டாட்டி அன்னைக்கே போர்டுல இருந்து ராஜினாமா பண்ணிட்டாங்க. அப்புறம் நாலு பாராவுல ஒரு அறிக்கை ரெடி பண்ணாங்க. டார்வின் சொன்னது தியரிதான், உண்மைன்னு முடிவானது இல்ல, அதுல இடைவெளிகள் இருக்கு, இன்டெலிஜென்ட் டிசைன் பத்தி தெரிஞ்சுக்கணும்னா இன்ன புக் இருக்கு பாருங்க, உயிர் எப்படி வந்துச்சுங்கறதை வீட்ல பேசிக்கோங்க. பயாலஜி டீச்சர் கிளாஸ்ல இதைப் படிச்சுக் காட்டணும், அவ்ளோதான், ரெண்டு நிமிஷ வேலை.

சயின்ஸ் டீச்சருங்க முடியாதுன்னுட்டாங்க.

எனக்கு மொத்த கேஸ்லயும் பிடிச்ச இடம் இதுதான். அவங்க ஒண்ணும் புரட்சி பேசலை, நாத்திகமும் பேசலை. பென்சில்வேனியாவுல டீச்சருங்களுக்குன்னு ஒரு தொழில் விதி இருக்கு, தெரிஞ்சே பாடத்தைத் தப்பா காட்டக் கூடாதுன்னு. அதை எடுத்து வச்சு, இன்டெலிஜென்ட் டிசைன் சயின்ஸ் இல்ல, பயாலஜி இல்ல, விஞ்ஞானிங்க ஏத்துக்கிட்ட தியரியும் இல்ல, இதைப் படிச்சா நாங்க விதியை மீறினவங்க ஆயிடுவோம்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. மாச சம்பளக்காரங்க, அதே ஊர்ல குடியிருக்கறவங்க, கடையில போர்டு மெம்பரையே எதிர்ல பாக்கணும், இருந்தும் எழுதிக் குடுத்தாங்க. கடைசியில 2005 ஜனவரியில ஸ்கூல் நிர்வாகத்துக்காரங்களே கிளாஸுக்குள்ள வந்து படிச்சாங்க, டீச்சருங்க வெளிய போய் நின்னாங்க, கேள்வி கேக்கறதுக்கும் அனுமதி இல்ல. சயின்ஸ் கிளாஸ்ல கேள்வி கேக்கக் கூடாதுங்கறப்பவே அது என்ன சரக்குன்னு புரிஞ்சிருக்கணும்.

இதுக்குள்ள 11 பெற்றோர் கேஸ் போட்டுட்டாங்க. இவங்க எல்லாம் சாமி இல்லன்னு சொல்ற கூட்டம்னு நினைச்சுடாதீங்க, அதுல ஒரு தம்பதி சர்ச்ல லீவு நாள் பைபிள் கிளாஸே நடத்தறவங்க. அவங்களுக்கு முதல் சாட்சியா வந்த கென்னத் மில்லர், அந்த ஸ்கூல்ல வாங்க இருந்த பயாலஜி புக்கை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர், தவறாம சர்ச்சுக்குப் போற கத்தோலிக்கர். ஜட்ஜ் ஜோன்ஸ் யாருன்னா ரிபப்ளிகன், ஜார்ஜ் புஷ் நியமிச்சவர். அதனால இதை கடவுளுக்கும் சயின்ஸுக்கும் நடந்த சண்டைன்னு யாராவது எழுதினா அவங்க கேஸைப் படிக்கலைன்னு அர்த்தம்.

மில்லர் சொன்னதுல குரோமோசோம் கதையை மட்டும் இங்க சொல்லிடறேன். சிம்பன்சி, கொரில்லாவுக்கெல்லாம் 24 ஜோடி, நமக்கு 23. ஒரே மூதாதைன்னா ஒரு ஜோடி எங்க போச்சு? காணாமப் போயிருந்தா உயிரே தங்காது, அப்போ ரெண்டு குரோமோசோம் ஒட்டி ஒண்ணாகியிருக்கணும். ஒட்டியிருந்தா தடயம் இருக்கணும்ல? குரோமோசோமோட முனையில மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் நடுவுல கிடக்கணும், குரோமோசோமோட இடுப்பு மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்க வேண்டிய சென்ட்ரோமியர் ரெண்டு இருக்கணும். போய்ப் பாத்தா நம்ம 2-ம் நம்பர் குரோமோசோம்ல நடுவுல டெலோமியரோட மிச்சம் இருக்கு, ரெண்டாவது சென்ட்ரோமியரோட அடையாளமும் இருக்கு. தியரி முன்கூட்டியே ஒண்ணை சொல்லி அது இல்லாமப் போயிருந்தா மாட்டியிருக்கும், ஆனா இருந்துச்சு. தியரிதானேன்னு அலட்சியமா சொல்றவங்க எல்லாம் இந்த இடத்தை ஒரு தடவை யோசிச்சுப் பாக்கலாம்.

போர்டு பக்கம் பெரிய சாட்சி மைக்கேல் பீஹி, பயோகெமிஸ்ட்ரி ப்ரொபசர். நம்ம உடம்போட நோய் எதிர்ப்பு சக்தி படிப்படியா வந்திருக்க முடியாது, எந்த பார்ட்டை எடுத்தாலும் மொத்தமும் நின்னுரும்ங்கறது அவர் வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் அது எப்படி வந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்ணின 58 கட்டுரை, 9 புக்கு எல்லாத்தையும் அவர் முன்னாடி வச்சார். அதுவும் பத்தாதுன்னுட்டார் மனுஷன். அப்புறம் குறுக்கு விசாரணையில, சயின்ஸ் தியரின்னா என்னன்னு நீங்க சொல்ற விளக்கப்படி ஜோசியமும் தியரி ஆகுமான்னு கேட்டாங்க, ஆகும்னு ஒத்துக்கிட்டார்! அமெரிக்காவுல இதை வச்சு வருஷக்கணக்கா சிரிச்சாங்க. நாம சிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, யூனிவர்சிட்டியில ஜோசியத்தை சயின்ஸ் படிப்பா வைக்கலாம்னு யூஜிசி சொன்னதை எதிர்த்து விஞ்ஞானி பி.எம்.பார்கவா போட்ட கேஸை நம்ம சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணினது 2004-ல.

அறிக்கையில சொன்ன புக் இருக்கே, அதோட கதை தனி. அதோட பழைய கையெழுத்துப் பிரதிகளை பார்பரா ஃபாரஸ்ட்ங்கற தத்துவ ப்ரொபசர் ஒண்ணுக்கொண்ணு வச்சுப் பாத்தாங்க. 1987 தீர்ப்புக்கு முன்னாடி படைப்புன்னு இருந்த இடத்துல எல்லாம் தீர்ப்புக்கு அப்புறம் இன்டெலிஜென்ட் டிசைன்னு மாத்தியிருக்காங்க, விளக்கம் அப்படியே இருக்கு. ஒரு இடத்துல மாத்தின அவசரத்துல 'கிரியேஷனிஸ்ட்ஸ்' (படைப்புவாதிகள்)ங்கற பழைய வார்த்தையோட தலையும் வாலும் போகாம, நடுவுல புதுசு மட்டும் சொருகி 'சிடிசைன் புரொப்பொனன்ட்சிஸ்ட்ஸ்'னு ஒரு விநோத ஜந்து உக்காந்திருக்கு. பரிணாமம் நடக்கலைன்னு சொல்ற புக்லயே பாதி மாறின ஒரு உயிரினம் கிடைச்சிருக்கு பாருங்க.

அந்த புக்கை லைப்ரரிக்கு யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு விசாரணைக்கு முன்னாடி சத்தியம் பண்ணி கேட்டப்போ பக்கிங்ஹாமும் போர்டு தலைவர் ஆலன் போன்செல்லும் பூசி மெழுகிட்டாங்க. அப்புறம் பாத்தா பக்கிங்ஹாம் தன்னோட சர்ச்லயே காசு வசூல் பண்ணி 850 டாலருக்கு செக் எழுதியிருக்கார், யாருக்கு, போன்செல்லோட அப்பாவுக்கு! கடுப்பான ஜட்ஜ் வக்கீல்களை ஓரமா வச்சுட்டு தானே போன்செல்லைக் கேள்வி கேட்டார். நான் படைப்புவாதம்னு சொல்லவே இல்லன்னு பக்கிங்ஹாம் சாதிச்சார், அவர் டிவி பேட்டியில அதையே சொன்ன வீடியோவை கோர்ட்ல போட்டுக் காட்டினாங்க. மத நம்பிக்கையைப் பெருமையா சொல்றவங்க அதை மறைக்க சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னதை ஜட்ஜ் தீர்ப்புல தனியாவே சாடியிருக்கார்.

இதைப் பத்திப் பேசினா யாராவது ஒருத்தர், ரெண்டு பக்கமும் சொல்லிட்டு பிள்ளைங்களே முடிவு பண்ணட்டுமே, அதுல என்ன தப்புன்னு கேட்டுருவாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு. சமூக அறிவியல் கிளாஸ்ல எந்த மதம் என்ன நம்புதுன்னு தாராளமா சொல்லுங்க, யார் வேணாம்னா? ஆனா பயாலஜி புக்குக்குள்ள ஒரு விஷயம் வரணும்னா ஆராய்ச்சி பண்ணி, மத்த விஞ்ஞானிங்க கிழிச்சுத் தொங்கவிட்டு, அதுலயும் தாக்குப்பிடிச்சு வரணும். இன்டெலிஜென்ட் டிசைனுக்கு ஆதரவா அப்படி ஒரு ஆய்வுக் கட்டுரையும் வரலைன்னு ஜட்ஜ் பதிவு பண்றார். அடுப்பே பத்தவைக்காம பந்திக்கு இலை போடச் சொன்னா எப்படி? அதுவும் 14 வயசுப் பசங்க முன்னாடி.

விசாரணையோட கடைசி நாள் போர்டு வக்கீல் எழுந்து, இன்னையோட 40 நாள், ராத்திரியோட 40 ராத்திரி, வேணும்னே இப்படி வச்சீங்களான்னு, 40 நாள் ராப்பகலா மழை கொட்டின பைபிள் நோவா வெள்ளத்தை வச்சு ஜோக் அடிச்சார். நல்ல தற்செயல்தான், ஆனா டிசைன் பண்ணினது இல்லன்னார் ஜட்ஜ்.

நாலு நாள் கழிச்சு, தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே, போர்டு எலக்‌ஷன்ல நின்ன எட்டு பழைய மெம்பரும் தோத்துட்டாங்க. டிவி பிரசங்கி பேட் ராபர்ட்சன், உங்க ஊருக்கு ஆபத்து வந்தா கடவுள்கிட்ட போகாதீங்க, நீங்கதான் அவரை விரட்டிட்டீங்களேன்னு டோவர் மக்களுக்கு சாபமே விட்டார். ஜட்ஜுக்கு மிரட்டல் வந்து போலீஸ் காவல் போட வேண்டியதாச்சு. புது போர்டு அப்பீல் போகலை. வக்கீல் செலவுக்குன்னு கட்டினது 10,00,011 டாலர், அந்தக் கடைசி 11 டாலர் கேஸ் போட்ட ஆளுக்கு ஒரு டாலர் நஷ்டஈடு.

அப்பீல் போகாததால சுப்ரீம் கோர்ட் வரைக்கும் விஷயம் போகலை, வேற மாநிலங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. அதனால அடுத்த ரவுண்ட்ல டிசைன்ங்கற பேரும் போய், விமர்சன சிந்தனைங்கற பேர்ல 2008-ல லூசியானா, 2012-ல டென்னசின்னு சட்டம் வந்துடுச்சு.

நம்ம பக்கம் இவ்ளோ நாடகமே நடக்கலை. கொரோனா நேரத்துல பாரத்தைக் குறைக்கறோம்னு ஆரம்பிச்சு, 2023-ல வந்த என்சிஈஆர்டி 10-ம் கிளாஸ் சயின்ஸ் புக்ல 'மரபும் பரிணாமமும்'னு இருந்த பாடம் வெறும் 'மரபு' ஆயிடுச்சு. 1,800 பேருக்கு மேல விஞ்ஞானிங்க, டீச்சருங்க கையெழுத்துப் போட்டு லெட்டர் எழுதினாங்க. 12-ம் கிளாஸ் பயாலஜியில இருக்கேன்னு பதில், ஆனா 10-க்கு மேல பயாலஜி எடுக்காத பிள்ளைக்கு அது எங்க கிடைக்கும்? தமிழ்நாடு ஸ்டேட் போர்டு 10-ம் கிளாஸ் புக்ல உயிரின் தோற்றமும் பரிணாமமும்னு தனிப் பாடமே இருக்கு, சிபிஎஸ்இ-ல படிக்கற பிள்ளை வீட்ல இருந்தா பக்கத்து வீட்டுல கடன் வாங்கியாவது அதைப் படிக்க வைங்க.