மிளகாய் மண்டிக்கு எதிரே இரண்டு துப்பறிவாளர்கள்

நாற்பத்தைந்தாயிரம் ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இவ்வளவும் கொடுத்து நான் வாங்கியது பதினான்கு பக்க அறிக்கை. ஸ்பைரல் பைண்டிங் மட்டும் அழகாக இருந்தது. வக்கீல் இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். ஒரு காகிதம் எதற்கும் உதவாது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மதுரை கீழமாசி வீதியில் தாத்தா கட்டிய கட்டடம் அது. கீழே மூன்று கடைகள், மாடியில் இரண்டு கிட்டங்கிகள், பின்பக்கம் தாத்தா இருந்த அறை. உயில் இல்லை. தாத்தாவுக்குப் பிள்ளைகள் இருவர்; இருவருமே இப்போது இல்லை. வாடகை முழுவதையும் பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், வசூலிக்கிறார். தீபாவளிக்கு முன்னால் அம்மாவின் கையில் ஒரு கவர் வரும், கணக்கு வராது. "கடைக்கு ஆறாயிரம்தான் வருகிறது, அதுவும் வெள்ளையடிக்கவே சரியாகிவிடுகிறது" என்பார். பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். வாரிசுச் சான்றிதழும் வில்லங்கச் சான்றிதழும் ஆச்சரியமாகச் சிக்கலின்றிக் கிடைத்தன.

சறுக்கியது அதற்குப் பிறகு. உண்மையான வாடகை எவ்வளவு என்று தெரிந்தால்தானே பாக்கியைக் கேட்க முடியும்? வக்கீலைக் கேட்காமலே ஒரு துப்பறியும் நிறுவனத்துக்குப் போய்விட்டேன். வாசலில் "அரசுப் பதிவு பெற்றது" என்று பலகை. அது வெறும் கம்பெனிப் பதிவு. துப்பறிவாளர்களுக்கென்று நம் நாட்டில் தனி உரிமச் சட்டமே கிடையாது. 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அது காவலாளிகளை அனுப்பும் பாதுகாப்பு நிறுவனங்களுக்கானது. ஆகவே பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

முன்பணம் வாங்கிய மறுவாரமே, "இன்னும் இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் உங்கள் அண்ணனின் தொலைபேசி அழைப்புப் பட்டியலை எடுத்துத் தருகிறோம்" என்றார்கள். நல்லவேளை, மறுத்தேன். அந்தப் பட்டியலைத் தனியார் வாங்குவது குற்றம். 2018இல் தாணேயில் இந்த விவகாரத்தில் துப்பறிவாளர்களே கைதானார்கள். யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். நான் வரவில்லை, முன்பணம் போய்விடுமே என்ற கவலை.

ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. கடைகளுக்கு எதிரே இரண்டு பேர் மூன்று நாட்களாகச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுக்கிறார்கள் என்று சுமைதூக்கும் தொழிலாளர்கள் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சரக்குத் திருட நோட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் என் ஆள். இன்னொருவர்? அவரும் துப்பறிவாளர்தான், அண்ணன் அமர்த்தியவர்! இருவரும் ஒரே டீக்கடையில் நின்று, ஒரே கட்டடத்தைப் பார்த்து, ஒருவரையொருவர் கட்டடத்து ஆள் என்று குறித்துக்கொண்டிருக்கிறார்கள். என் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் "சந்தேகத்துக்குரிய நீலச் சட்டை நபர்" என்று ஒருவர் வருகிறார். அவர்தான் இவர். அந்தப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறேன்.

நான் கோவையில் இருப்பவள். விடியற்காலை பஸ் பிடித்துப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணனும் அங்கே உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அறிக்கை ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரத்துக்குள் இருக்கலாம் என்று "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" சொன்னதாக எழுதியிருந்தார்கள். யார் அந்த வட்டாரம் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் என்ன சொல்வது? பென் டிரைவில் கொடுத்த படங்களுக்குச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, கருவியைக் கையாண்டவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மற்றொரு பகுதியிலும் கையொப்பமிட வேண்டும். நிறுவனத்தைக் கேட்டால், "எங்கள் ஆள் கையெழுத்துப் போடமாட்டார், சாட்சிக்கும் வரமாட்டார்" என்றார்கள். பணம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டிய வரி இதுதான்.

வாடகை விவரம் வந்த வழி வேறு. காவல் நிலையத்திலிருந்து திரும்பும்போது, எங்கள் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் மிளகாய் மண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் போட்டார். ஆறு வருட ரசீதுகள், அண்ணன் கையெழுத்தோடு. மாதம் இருபத்தெட்டாயிரம். "உங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம் பாப்பா, இதைக் கேட்க ஆள் எதற்கு?" நகல் எடுத்துக்கொண்டேன்.

அண்ணனுடைய ஆளின் வேலை எதற்கு என்பது அடுத்த வாய்தாவில் விளங்கியது. பாகப்பிரிவினை வழக்கில் கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம், அதாவது சொத்து நம் கைவசத்திலும் சேர்ந்து இருக்கிறது என்றால் நிர்ணயித்த சிறு நீதிமன்றக் கட்டணம் போதும். வெளியேற்றப்பட்டவர் என்றால் நம் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்டவேண்டும். மாசி வீதிக் கட்டடத்துக்கு அந்தத் தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் அந்தக் கட்டடத்தில் எந்த அனுபவமும் இல்லாமல் கோவையிலேயே கிடக்கிறேன் என்று காட்டத்தான் பின்தொடர்ந்திருக்கிறார். இணைய இணைப்புக் கணக்கெடுப்பு என்று எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அவரே. அம்மா அவருக்கு மோர் வேறு கொடுத்திருக்கிறார்.

அவர்கள் தாக்கல் செய்த படங்களில் ஏழாவது, அந்தக் கட்டடத்தின் மாடிப்படி. மேல்படியில் அம்மா நின்று தாத்தாவின் அறைப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறார். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போவார். சாவி எப்போதும் அவர் முந்தானையில்தான். எங்கள் அனுபவத்துக்கு இதைவிட நல்ல சான்றை என் பதினான்கு பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது. வக்கீல் அதையே எடுத்துக்காட்டி வாதாடினார். கட்டணக் குறைவு என்ற அவர்கள் மனு தள்ளுபடியானது. வாடகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லும் எங்கள் மனு அடுத்த மாதம் வருகிறது.

அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் பார்த்தது தன்னை அல்ல. "நிலைக்கதவைக் கரையான் அரிக்கிறது பார், அவனிடம் சொல்" என்றார். அவன் என்றால் அண்ணன்.