தங்கையின் வரவேற்புக்கு ஒயின் வாங்கிய அனுபவம்

தங்கையின் திருமண வரவேற்புக்கு ஒயின் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 120 பேர், நான்கு மணி நேரம். "அண்ணா, பாதியில தீர்ந்துடுச்சுன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கேட்டவர்கள் எல்லோரும் சொன்ன கணக்கு, ஆளுக்கு அரை பாட்டில். அப்படிப் பார்த்தால் 60 பாட்டில். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் ராத்திரி அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். குடிக்கும் வழக்கமே இல்லாதவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்டிப் போக வேண்டியவர்கள் என்று 38 பேர். மீதி 82.

முதல் மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு கிளாஸ், அப்புறம் மணிக்கு ஒன்று என்று வைத்தால் மொத்தம் ஐந்து. அதில் ஒன்று வாழ்த்துச் சொல்லும்போது உயர்த்தும், நுரை வரும் ஸ்பார்க்கிளிங் ஒயின். மற்ற நான்குக்கு 328 கிளாஸ். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும், ஆக 66 பாட்டில். பன்னிரண்டு கொண்ட பெட்டியாக ஆறு எடுத்தேன், 72. ஸ்பார்க்கிளிங்கைக் கொஞ்சம் குறைவாக ஊற்றுவார்கள், பாட்டிலுக்கு ஆறு கிளாஸ் என்றால் 14, ஒன்று கூடுதலாக 15.

எந்த ஒயின் என்பதில்தான் அதிக நாள் போனது. ஏழெட்டு வகையில் ஒவ்வொரு பாட்டில் வாங்கி, பெயர் தெரியாதபடி காகிதம் சுற்றி, வீட்டில் எல்லோரும் சுவைத்தோம். ஊற்றியதும் ஒரு தடவை, கிளாஸிலேயே அரை மணி நேரம் விட்டு இன்னொரு தடவை. வரவேற்பில் யாரும் ஊற்றியவுடன் குடித்து முடிப்பதில்லையே, பேசிக்கொண்டே கையில் வைத்திருப்பார்கள். முதலில் எங்களுக்குப் பிடித்த ஒரு வெள்ளை ஒயின், சில்லிப்பு போனதும் தித்திப்பு மட்டும் நாக்கில் நின்றது. புளிப்பு எடுப்பாக இருந்த சாவிஞான் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் அப்போதும் நன்றாகவே இருந்தது. சிவப்பில், துவர்ப்பு மிகுந்தவற்றை ஒதுக்கிவிட்டு மென்மையான பினோ நுவாரை எடுத்தோம். ஸ்பார்க்கிளிங் வாங்கும்போது கவனம்: ஒயினில் 'டிரை' என்றால் இனிப்பில்லாதது என்று பொருள், ஆனாலும் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று எழுதியிருப்பது 'ப்ரூட்' என்பதைவிட இனிப்பானது. நாங்கள் ப்ரூட் எடுத்தோம்.

கோடைக்காலம், திறந்தவெளி. அதனால் வெள்ளை 42, சிவப்பு 30.

அந்த 38 பேரை நினைத்தபோது எனக்கு உறுத்தியது. எல்லோரும் கிளாஸை உயர்த்தும் நேரத்தில் அவர்கள் கையில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. நுரை வரும் திராட்சைச் சாற்றை அதே மாதிரி கிளாஸில், அதே சில்லிப்பில் கொடுத்தோம். அன்று செய்ததில் எனக்கு மிகவும் நிறைவளித்தது இதுதான்.

குளிரவைப்பதில் ஒரு தவறு நடந்தது. தொட்டியில் பனிக்கட்டியை மட்டும் கொட்டியிருந்தார்கள். கட்டிகளுக்கு இடையே காற்று நிற்பதால் பாட்டில் குளிர நேரம் பிடித்தது. தண்ணீரும் ஊற்றிய பிறகு அரை மணி நேரத்துக்குள் தயார். பரிமாறுகிறவர் ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும் முகர்ந்து பார்த்தார். ஒரு சிவப்பில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது, கார்க் கெட்டிருக்கிறது என்று ஓரமாக வைத்துவிட்டார். சில பாட்டில்களைக் கூடுதலாக எடுத்தது அப்போது நிம்மதியாக இருந்தது.

முடிவில் வெள்ளை 39, சிவப்பு 20 திறந்திருந்தோம். திறக்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடையில் முன்பே எழுதி வாங்கியிருந்தேன், லேபிள் சேதமாகாமல் இருந்தால் மட்டும். பத்து சிவப்பும் திரும்பிப் போயின. மூன்று வெள்ளை பாட்டில்களும் ராத்திரி முழுக்கப் பனிநீரில் கிடந்து, லேபிள் உரிந்து தொட்டியில் மிதந்தது. அவற்றைத் தங்கை தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.