அம்மாவின் இரண்டு பக்கங்கள்

2020 மார்ச் 29, ஞாயிறு

ஊரடங்கின் ஐந்தாம் நாள். டிவியில் ஐசியு வார்டு ஒன்றைக் காட்டினார்கள். அம்மா அணைக்கச் சொன்னாள். "என்னை அங்க கொண்டு போனா நீ உள்ள வர முடியாதுல்ல? அப்போ எனக்கு எது வேணும், எது வேண்டாம்னு யாரு சொல்லுவா?"

71 வயது. பல வருடமாக சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய். அவள் கேட்டதில் தவறே இல்லை. நான்தான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அது தப்பு.

மார்ச் 31

இரவு நெடுநேரம் பேசினோம். அவளுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லையாம். நினைவு திரும்பவே வழியில்லாதபோதும் குழாய்களோடு கிடத்தி வைப்பார்களோ என்பதுதான் பயம்.

இதற்குச் சட்டம் இடம் தருகிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே ஒரு பத்திரமாக எழுதி வைக்கவும் அனுமதித்தது. அதைச் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். தன்னால் பேச முடியாதபோது தனக்காக முடிவு சொல்பவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து. அதன் பிறகு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம்.

ஏப்ரல் 3

முதல் வரியாக 'வென்டிலேட்டர் வேண்டாம்' என்று எழுதினாள். போனில் எங்கள் டாக்டரிடம் படித்துக் காட்டியபோது அவர் நிறுத்தினார்.

"அம்மா, கொரோனா நிமோனியாவுல வென்டிலேட்டர் வெச்சு, பிழைச்சு வீட்டுக்குப் போறவங்களும் இருக்காங்க. உங்க நுரையீரலுக்கு அது கஷ்டம், மறைக்க மாட்டேன். ஆனா மீள வாய்ப்பு இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணு இல்ல. நீங்க எழுதுற பத்திரம் ரெண்டாவது நிலைக்குத்தான்."

ஒரு மணி நேரம் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டாள். மூச்சுக்குழாய்க்குக் கழுத்தில் துளையிடுவது, டயாலிசிஸ், இதயம் நின்றால் மார்பை அழுத்துவது, மூக்குவழி உணவுக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வென்டிலேட்டரைச் சில நாள் வைத்துப் பார்த்து, தேறவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றும் எழுதலாமாம். எனக்கே அது தெரியாது. கடைசியில் அம்மா எழுதியது: "நான் மீள வழி உண்டு என்று டாக்டர்கள் நினைக்கும்வரை முயலட்டும். வழி இல்லை என்று ஆனபின் கருவிகளை எடுத்துவிடட்டும். வலி தெரியாமலும் மூச்சுத் திணறாமலும் பார்த்துக்கொள்ளட்டும்." மூன்றாவது வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் டாக்டர். சிகிச்சையை நிறுத்தினாலும் கவனிப்பை நிறுத்துவதில்லை என்றார்.

ஏப்ரல் 8

வக்கீல் சொன்னது: நீதிமன்றத்தில் அவசர வழக்குகள் மட்டும்தான், அதுவும் காணொலியில். இந்த மேலொப்பத்துக்காக யாரும் தன்னிடம் வந்ததே இல்லையாம்.

நியூயார்க்கில் இருக்கும் தம்பி, அங்கே நேற்று ஆளுநர் போட்ட உத்தரவைப் படித்தான். மருத்துவ முடிவுக்கு ஆளை நியமிக்கும் பத்திரத்துக்கு வீடியோ அழைப்பிலேயே சாட்சி நிற்கலாமாம். "அங்க அப்படி இல்லையா அக்கா?" என்றான். இல்லை. நோய் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். கையெழுத்துப் போட வெளியே போக முடியாத கிழவிக்கு ஒரு வழி வேண்டாமா? இது எனக்கு ஆறவே இல்லை.

ஏப்ரல் 12

மேலொப்பம் கிடைக்கும்வரை காத்திருக்க அம்மா தயாரில்லை. உறவில்லாத அண்டை வீட்டார் இருவர் வாசலில் தள்ளி நின்று பார்க்க, கையெழுத்திட்டாள். அவர்களும் இட்டார்கள். அம்மா பத்திரத்தை வாசிப்பதைப் போனில் பதிவு செய்தேன். சட்டப்படி இது முழுமையில்லை என்று தெரியும். அவள் மனதில் இருப்பது என்ன என்பதற்கு இனி என் ஞாபகம் மட்டுமே சாட்சி இல்லை.

ஆகஸ்ட் 19

பாசிட்டிவ். ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் பத்திரத்தின் நகலை அவள் பையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 21

பணியில் இருந்த டாக்டர் போனில், "மாஜிஸ்திரேட் கையெழுத்து இல்லையே" என்றார். என்னால் பேச முடியவில்லை. பிறகு, "அம்மா இப்ப தெளிவாதானே இருக்காங்க, அவங்களையே கேளுங்க" என்றேன். கேட்டிருக்கிறார். நினைவோடு இருப்பவர் வாயால் சொல்வதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை. அம்மா சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டதாக மாலையில் அவரே அழைத்துச் சொன்னார்.

செப்டம்பர் 4

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆக்சிஜனோடு போயிற்று, வென்டிலேட்டர் தேவைப்படவில்லை.

2023 ஜனவரி 25

நேற்று உச்ச நீதிமன்றம் விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டாம். இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். முடிவு சொல்ல ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். சிகிச்சையை நிறுத்தலாமா என்று மருத்துவமனைக் குழுக்கள் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 11

நோட்டரி முன் புதிய பத்திரம். அம்மா இந்த முறை தம்பி பெயரையும் சேர்த்தாள். "ராத்திரில நீ அழுதுட்டிருந்தா அவன் பேசுவான்." கையெழுத்துக்கு முன் முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். தம்பி போனில் கேட்டுக்கொண்டிருந்தான். 'மூச்சுத் திணறாமலும்' என்ற இடத்தில் என் குரல் நின்றது. மீதியை அவளே வாசித்தாள்.